கேள்வி கேட்கும் காப்பகமே நல்ல காப்பகம்

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாகிவிட்டன. உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். நாய் யாருடையது, அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று அறிய நிர்வாகம் முனைந்திருப்பது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அந்த நாய் எங்கே, யார் பொறுப்பில், எத்தனை நாய்களோடு இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நம்மிடம் இன்னும் ஒழுங்கான பதில் இல்லை.

கரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது நாய்க்குட்டி வாங்கிய பலர் இப்போது அலுவலகம் திரும்பிவிட்டார்கள். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீடுகளில் பகலில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தத் தேவையிலிருந்துதான் ‘டே கேர்’ எனப்படும் பகல் காப்பகங்கள் நகரெங்கும் முளைத்திருக்கின்றன.

நாய்களை உயிராக நினைப்பவர்கள் சொந்தச் சேமிப்பைப் போட்டு நடத்தும் நல்ல காப்பகங்கள் உண்டு. வாடகை வீட்டின் பின்கட்டில் நாலு கூண்டுகளை வைத்து, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைத் தொடங்கி நடத்தப்படுபவையும் உண்டு. படங்களை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நாய் வளர்க்காதவர்களுக்கும் இது பொருட்டுதான். சரியாகப் பூட்டாத கதவு வழியே ஓடிவரும் மிரண்ட நாய் சாலையில் போகிறவரைக் கடிக்கலாம். தடுப்பூசி போடாத நாய்களோடு நாள் முழுக்க இருக்கும் பணியாளரின் உயிருக்கே ஆபத்து. வெறிநோயின் அறிகுறி வெளிப்பட்ட பிறகு மனிதரைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

சட்டம் எதுவரை வருகிறது?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்கீழ் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங் நடத்துபவரையும் தம் வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன. செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் 2018-இல் வந்தன. காலையில் விட்டு மாலையில் அழைத்துப்போகும் பகல் காப்பகம் எத்தனை நாய்களை ஏற்கலாம், எத்தனை ஆட்களை வைத்திருக்க வேண்டும் என்பதற்கென்று வாடிக்கையாளர் எடுத்துக் காட்டக்கூடிய தெளிவான அளவுகோல் இல்லை.

தவறு நடந்த பிறகும் தண்டனை பெரிதாக இல்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி வதைக்கு முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு வழிசெய்கிறது. ஆனால், அதற்கு உள்நோக்கத்தையோ, தீங்கு நேரும் என்று தெரிந்தே செய்ததையோ நிரூபிக்க வேண்டும். கவனக்குறைவால் நேரும் சாவுகள் பெரும்பாலும் இந்தப் பிரிவுக்குள் வராது.

இங்கிலாந்து இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 2018 அக்டோபர் 1 முதல் அங்கே நாய்களுக்கான பகல் காப்பகம் நடத்த உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரம் தருகிறார்கள். மற்ற நாய்களிடமும் மனிதர்களிடமும் அஞ்சாமல் இருக்கிறதா, மற்றவற்றுக்கு ஆபத்தானதா என்று சோதித்த பிறகே ஒரு நாயைச் சேர்க்க வேண்டும் என்பது விதி.

இங்கே அப்படியொரு ஏற்பாடு வரும்வரை அந்தச் சோதனையை நாய் வளர்ப்பவர்தான் செய்தாக வேண்டும்.

உங்கள் நாய்க்கு இது தேவையா?

இடம் தேடுவதற்கு முன்பு இதை யோசித்துவிட வேண்டும். எல்லா நாயும் கூட்டத்தை விரும்புவதில்லை. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்றவை பெரும்பாலும் மற்ற நாய்களோடு எளிதில் கலந்துவிடும். சிறு வயதில் பிற நாய்களோடு பழகாமல் வளர்ந்த நாய்க்கு இருபது நாய்கள் ஓடும் கூடம் நாள் முழுக்க நீளும் பயம்.

நம் மண்ணின் நாய்களுக்கென்று சில குணங்கள் உண்டு. ராஜபாளையம் நாய் வீட்டாரிடம் காட்டும் ஒட்டுதலை வெளியாரிடம் காட்டாது. வெள்ளை நிறத்தோடு பிறவிக் காதுகேளாமையும் அந்த இனத்தில் காணப்படுவதால், பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைக் கண்டால் துரத்தும் வேட்டை நாய்கள். குறுக்கே ஓடும் ஒரு சின்னப் பொமரேனியன் அவற்றின் கண்ணுக்கு முயலாகத் தெரியக்கூடும். தாழ்வான சுற்றுச்சுவர் அவற்றைத் தடுக்காது.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் நாட்டு நாய்கள் குட்டியில் மற்ற நாய்களோடு குலாவும். வளர்ந்த பிறகு ‘என் இடம், என் ஆட்கள்’ என்ற உணர்வு அவற்றுக்கு மிகும். வயதான நாய்க்கும் மூட்டுவலி உள்ள நாய்க்கும் கூட்டம் தொல்லைதான்.

வளர்ந்த நாய் பகலில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். காலையில் நல்ல நடை, மதியம் ஒருவர் வந்து வெளியே அழைத்துப்போய்த் தண்ணீர் மாற்றிவிட்டுப் போவது, மாலையில் வீட்டாரோடு நேரம் என்று அமைந்தால் பல நாய்களுக்கு அது போதும். நம்பிக்கையான ஒரு பக்கத்து வீட்டு அக்காவுக்கோ கல்லூரி மாணவருக்கோ அதற்கு ஊதியம் கொடுப்பது, பொருந்தாத காப்பகத்தில் விடுவதைவிட நல்லது.

அவர்கள் என்ன கேட்கிறார்கள்?

காப்பகம்தான் வழி என்று முடிவானால், முதல் தொலைபேசி அழைப்பிலேயே பாதி தெரிந்துவிடும். கட்டணத்தைச் சொல்லிவிட்டு, ‘நாளைக்கே கொண்டுவாங்க’ என்று முடிப்பவர்களிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

நாயின் வயது என்ன, தடுப்பூசி அட்டை இருக்கிறதா, கருத்தடை ஆகியிருக்கிறதா, பெண் நாய் என்றால் கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது, யாரையாவது கடித்திருக்கிறதா, சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமுமா, இடிக்கும் பட்டாசுக்கும் பயப்படுமா, என்ன மருந்து சாப்பிடுகிறது, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் யார், நீங்கள் எடுக்காவிட்டால் வேறு யாரை அழைப்பது? இவ்வளவையும் கேட்பவர்தான் பொறுப்பை உணர்ந்தவர். கேள்விகளால் சலிப்படைய வேண்டாம். உங்கள் நாயைப் பற்றி இதையெல்லாம் விசாரிப்பவர், அதன் பக்கத்தில் விடப்போகும் நாய்களைப் பற்றியும் விசாரித்திருப்பார்.

அதைவிட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. ‘இதுவரை எந்த நாயையாவது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா, ஏன்?’ என்று கேளுங்கள். நல்ல காப்பகத்திடம் அதற்குத் தெளிவான பதில் இருக்கும். இடம் காலியாக இருந்தும் ஒரு நாயைத் திருப்பி அனுப்புகிறவர் தன் வருமானத்தை இழக்கிறார். அந்த இழப்பை ஏற்கத் துணிந்தவரிடம்தான் மற்ற நாய்கள் பத்திரமாக இருக்கும்.

முதல் நாளே முழு நாளும் விடச் சொல்பவர்களையும் தவிர்க்கலாம். முதல்முறை ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு அரை நாள், அதன் பிறகு முழு நாள் என்று பழக்க வேண்டும். புதிய நாயை நேரே கூட்டத்துக்குள் விடாமல், அமைதியான ஒரு நாயோடு முதலில் சந்திக்க வைப்பதே முறை.

கட்டடத்தைவிட ஆட்கள் முக்கியம்

நீச்சல் தொட்டி, வண்ணச் சுவர், பிறந்தநாள் கேக் எல்லாம் படத்துக்கு அழகு. நாயைக் காப்பாற்றுவது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரின் கண்கள்தான். பத்து நாய்களுக்குக் குறைந்தது ஒருவராவது விளையாட்டு இடத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். அடுத்த அறையில் சிசிடிவி திரை முன்னால் உட்கார்ந்திருப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சண்டை வலுக்கச் சில விநாடிகள் போதும்.

பணியாளரிடமே பேசிப் பாருங்கள். ‘அந்த மூலையில் படுத்திருக்கும் நாயின் பெயர் என்ன, அது எப்படிப்பட்டது?’ என்று கேளுங்கள். நாய்களின் பெயரும் குணமும் தெரிந்தவர் அங்கே நிலைத்து வேலை பார்ப்பவர். மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் இடத்தில் எந்த நாய்க்கு எது பிடிக்காது என்பது யாருக்கும் தெரியாது.

‘இரண்டு நாய்கள் கவ்விக்கொண்டால் என்ன செய்வீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சுவது, பெரிய ஒலி எழுப்புவது, நடுவே பலகையை இறக்குவது என்று பயிற்சி பெற்றவர் சொல்வார். கையை உள்ளே விட்டுப் பிரிப்பேன் என்பவருக்குப் பயிற்சி தரப்படவில்லை. கம்பு, கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டை ஆகியவை கண்ணில் பட்டால் உடனே வெளியேறிவிடலாம்.

அந்தப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தன் ஆட்களைக் காக்காத முதலாளி நாய்களைக் காப்பார் என்று நம்ப இடமில்லை.

சிறிய நாய்களும் பெரிய நாய்களும் தனித்தனியே விளையாட வேண்டும். விளையாடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுவது நல்லது. இன்னொரு நாயின் தாடை அதில் சிக்கி இரண்டும் பதறியடித்து இழுத்தால் கழுத்து நெரிபட்டுவிடும். வாசலுக்கு இரட்டைக் கதவு வேண்டும். ஒன்றை மூடிய பிறகே அடுத்தது திறக்கப்பட வேண்டும். தரை வழுக்கக் கூடாது. பளபளக்கும் டைல்ஸில் தினமும் சறுக்கி ஓடுவது, இடுப்பு மூட்டுப் பிரச்சினைக்கு ஆளாகக்கூடிய லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களுக்குக் கேடு.

மதியம் இரண்டு மணி நேரமாவது ஒவ்வொரு நாயும் தனியே படுத்து ஓய்வெடுக்க வேண்டும். நாள் முழுக்க விளையாட்டு என்று பெருமையாக விளம்பரம் செய்வதைப் பார்க்கிறோம். அளவுக்கு மீறிக் களைத்த நாய்தான் எரிச்சலடையும், எரிச்சலில்தான் கடிக்கும்.

தடுப்பூசி அட்டை

வெறிநோய்த் தடுப்பூசியும், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியும் தவணை தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி எலிகள் உலவும் நம் நகரங்களில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும்.

நாய்கள் கூடும் இடங்களில் பரவும் இருமல் நோயைக் ‘கென்னல் காஃப்’ என்பார்கள். வழக்கமான கூட்டு ஊசி இதன் முக்கியமான கிருமியைத் தடுப்பதில்லை. அதற்கெனத் தனித் தடுப்பு மருந்து உண்டு. காப்பகத்தில் விடப்போவதாக மருத்துவரிடம் சொன்னால் அவர் ஆலோசனை தருவார்.

பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாதாரண ஃபினாயிலை நம்பி அதை ஒழித்துவிட முடியாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, சற்று ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ஆகவே, குட்டிக்குத் தவணைகள் எல்லாம் முடியாமல் காப்பகத்தில் விடக் கூடாது. தவணை முடியாத குட்டியைச் சேர்த்துக்கொள்ளும் இடம் மற்றக் குட்டிகளையும் அப்படித்தான் சேர்த்திருக்கும்.

உண்ணியை நம்மில் பலர் அற்பமாக நினைக்கிறோம். எர்லிக்கியா, பேபீசியா ஆகிய உண்ணிக் காய்ச்சல்கள் நாயின் ரத்த அணுக்களையே தாக்குகின்றன. பழுப்பு நாய் உண்ணி கட்டடத்துக்குள்ளேயே இனம்பெருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காப்பகத்தைப் பார்க்கப் போகும்போது கூண்டின் மூலைகளையும் சுவர் வெடிப்புகளையும் குனிந்து பாருங்கள். எல்லா நாய்களும் மாதந்தோறும் உண்ணி மருந்து எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெயில், மின்வெட்டு, வேன்

நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர நகரங்களில் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும். பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் விரைவாக வரும்.

மொட்டை மாடியில் ஷெட் போட்டு நடத்தும் காப்பகங்கள் சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஏற்றவை அல்ல. குளிர்சாதனம் இருக்கிறதா என்று கேட்பதோடு, மின்சாரம் போனால் அது எதில் ஓடும் என்றும் கேட்க வேண்டும். மின்விசிறிகளையாவது தாங்கும் இன்வெர்ட்டரும், ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் அமைப்பும் கட்டாயம்.

வீட்டுக்கே வந்து அழைத்துப்போகும் வேனையும் ஒருமுறை உள்ளே ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கூண்டும் குளிர்சாதனமும் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும். அடுத்த வீட்டு நாயை ஏற்றி வரும் நேரத்துக்குள் ஓர் உயிர் போய்விடலாம்.

நாய் சொல்லும் பதில்

எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசி வார்த்தை நாயுடையது. மூன்றாவது, நான்காவது நாளில் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மறுக்கிறதா? வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொள்கிறதா? வீட்டுக்கு வந்ததும் அடங்காத தாகத்தோடு குடிக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, நொண்டுகிறதா, வழக்கமில்லாமல் உறுமுகிறதா? இவற்றில் எதையும் ‘பழகிவிடும்’ என்று தள்ளிவிட வேண்டாம்.

களைத்துத் தூங்குவதையும் கவனித்துப் பார்க்க வேண்டும். நன்றாக விளையாடிய நாய் தூங்கி எழுந்து உற்சாகமாகச் சாப்பிடும். மறுநாளும் சுருண்டே கிடந்தால், அது களைப்பைத் தாண்டிய அச்சமாகவோ நோயாகவோ இருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

அரசும் மாநகராட்சிகளும் செய்ய வேண்டியவை சில உண்டு. பகல் காப்பகங்களைத் தனி வகையாகப் பதிவு செய்யும் முறையை மாநில விலங்குகள் நல வாரியம் கொண்டுவர வேண்டும். பதிவு பெற்ற காப்பகங்களின் பட்டியலை மாநகராட்சி இணையதளத்தில் வெளியிட்டால், தேடுபவருக்கு முதல் வடிகட்டி கிடைத்துவிடும். உரிமம் பெற்ற நாய்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று காப்பகங்களுக்கு நிபந்தனை விதித்தால், உரிமத் திட்டமும் அதனால் வலுப்பெறும்.

ஆட்களின் விகிதம், ஒரு நாய்க்கான இடம், நோயுற்ற நாயைத் தனிமைப்படுத்தும் அறை, தீயணைப்புக் கருவி, விபத்துப் பதிவேடு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகள் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருத்துவர் ஒருவர் நேரில் சென்று பார்க்க வேண்டும். காப்பகப் பணியாளர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சான்றிதழுடன் குறுகிய காலப் பயிற்சி தரலாம். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு அது நல்ல பிழைப்பாகவும் அமையும்.

காப்பகம் நடத்துபவர்கள் அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. தங்கள் நிபந்தனைகளையும் நாய்-பணியாளர் கணக்கையும் வாசலில் எழுதிவைக்கலாம். காயம் பட்டால் அன்றே, மறைக்காமல், உரிமையாளருக்குச் சொல்வது என்ற ஒரு பழக்கம் பல ஆண்டு நம்பிக்கையைச் சம்பாதித்துத் தரும்.

நாய் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை எளியவை. வேலை நாள் ஒன்றில், பகல் பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் நேரில் போய், நாய்கள் இருக்கும் இடம்வரை பாருங்கள். உள்ளே விட மறுத்தால் அந்த இடம் வேண்டாம். நாய்கள் மிரளும் என்பதற்காகக் கண்ணாடி வழியாகவோ கேமரா வழியாகவோ காட்டினால் அது நியாயம்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். அவசரத்தில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், எவ்வளவு செலவுவரை உங்களைக் கேட்காமல் சிகிச்சை தொடங்கலாம், காயத்துக்கு யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணம் கொடுத்துப் பெறும் சேவை என்பதால், குறைபாடு நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் நாயைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். ஒருமுறை கடித்திருந்தால் அதை மறைக்காதீர்கள். மறைத்தால் பாதிக்கப்படப்போவது இன்னொருவரின் நாய் அல்லது மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பணியாளர். ‘உங்கள் நாய்க்கு இது சரிப்படாது’ என்று காப்பகம் சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடுங்கள். அப்படிச் சொன்ன காப்பகத்தின் பெயரை, நாய் வளர்க்கும் நண்பர்களுக்குத் தயங்காமல் பரிந்துரையுங்கள்.